யாருடைய வயது இது?

இருபதுகளைத் தாண்டியதும் அறிவு சரியத் தொடங்கும் என்று உளவியல் நூல்கள் வெகுகாலம் ஒரு வளைகோட்டைக் காட்டிவந்தன. அந்தக் கோடு யாருடைய வாழ்க்கை என்று தேடிப்போனால் ஆளே கிடைக்கமாட்டேன் என்கிறார்.

தேடலை பெல்ஜிய வானியலாளர் அடால்ஃப் கெத்லேயிடமிருந்து தொடங்குகிறேன். மனிதனையும் அவன் ஆற்றல்களின் வளர்ச்சியையும் பற்றி 1835இல் அவர் நூல் வெளியிட்டார். ஆனால் எந்த ஒரு மனிதனையும் அவர் வருஷக்கணக்காகப் பின்தொடரவில்லை. ஃபிரெஞ்சு நீதிமன்றக் கணக்குகளை வயதுவாரியாக அடுக்கி, குற்ற நாட்டம் 25 வயதையொட்டி உச்சத்துக்குப் போகிறது என்றார். நாடகாசிரியர்களையும் விடவில்லை, எந்த வயதில் எத்தனை நாடகம் என்று எண்ணினார். (நம்மாட்கள் உடனே விரல்விட்டு எண்ண வேண்டாம்!) வேறுவேறு ஆட்களை வயது வரிசையில் நிறுத்திவிட்டு, அந்த வரிசையையே ஒருவரின் வாழ்க்கையாக வாசிப்பது இந்த முறை. 'சராசரி மனிதன்' என்கிற தன்னிலை இந்தக் கணக்கில் பிறந்தவன்.

1917-18இல் அமெரிக்க ராணுவம் 17 லட்சம் பேருக்கு அறிவுச் சோதனை வைத்தது. வயது கூடிய அதிகாரிகள் குறைவாக வாங்கினார்கள். 1933இல் ஜோன்ஸும் கான்ராடும் நியூ இங்கிலாந்து கிராமங்களை வைத்து அதே சரிவை வரைந்தார்கள். அறுபது வயது விவசாயி சிறுவயதில் எத்தனை மாசம் பள்ளிக்கூடம் போயிருப்பார் என்பதற்கு அந்தக் கோட்டில் இடமில்லை. வரலாறு செய்த வேலை உடம்பின் தலையில் கட்டப்பட்டது.

நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி ஷாங்காயில் அகதியாக வளர்ந்த வார்னர் ஷை, 1956இல் சியாட்டிலில் 500 பேரைச் சோதித்தார். 1963இல் அவர்களில் கிடைத்தவர்களை மறுபடி சோதித்தார், புது ஆட்களையும் சேர்த்துக்கொண்டார். ஆட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழைய சரிவு தெரிந்தது. அதே ஆளைத் தொடர்ந்தால் பெரும்பாலான திறன்கள் அறுபதுவரை அப்படியொன்றும் சரியவில்லை. பழைய கோடு காட்டியதில் பெரும்பங்கு தலைமுறை வித்தியாசம்.

இதிலும் சிக்கல் உண்டு. திரும்பவும் சோதனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் திடமானவர்கள், நோயாளிகள் நின்றுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய முடிச்சு: பிறந்த வருஷத்தோடு வயதைக் கூட்டினால் சோதித்த வருஷம் வந்துவிடும். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகவே முடிவாகிவிடுகிறது. எனவே எது வயதின் வேலை, எது தலைமுறையின் வேலை, எது அந்தக் காலத்தின் வேலை என்று கணிதத்தால் மட்டும் பிரிக்க முடியாது. போரையும் பள்ளியையும் பஞ்சத்தையும் உள்ளே கொண்டுவந்தாக வேண்டும்.

2004இல் பீட்டர் மொலெனார் இன்னும் ஆழமாகத் தோண்டினார். பலரை ஒப்பிட்டுக் கண்ட உறவு ஒருவருக்குள்ளும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்பது அவர் வாதம். தட்டச்சு நிலையத்தில் பாருங்கள். வேகமாக அடிக்கிறவர்களிடம் பிழை குறைவு. ஆனால் அவர்களில் ஒருவரையே 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டினால் பிழை பெருகும். முதல் கணக்கை நம்பி இரண்டாவது ஆளை விரட்டுகிற அதிகாரிகள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.