முள்ளை மறைத்தல்: ஒரு பிளாஸ்டிக் இரையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தூண்டில் முள்ளைக் கோர்ப்பதில் என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எனக்கென்னவோ, பெருங்கதையாடல்கள் மறைத்துவைப்பதை இப்படிப்பட்ட சில்லறைக் கைவேலைகள்தான் காட்டிக்கொடுக்கின்றன என்று படுகிறது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கப் பயன்படும் மென்பிளாஸ்டிக் ஜெர்க்பெய்ட். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். சாண் நீளம்கூட வராத, ரப்பர் மாதிரியான ஒரு துண்டு, அவ்வளவுதான். கோலை வெடுக்கென்று சுண்டிவிட்டு நரம்பைத் தளர விட்டால், பக்கவாட்டில் வழுக்கி, சாகப்போகிற குஞ்சுமீன் போலத் தடுமாறும்.

கோர்க்கும் முறையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். முள்ளின் காதுக்குக் கீழே படிபோல ஒரு மடிப்பு இருக்கும். வளைவு அகலமாக இருக்கும். கூர்முனையை இரையின் மூக்கு நடுவில் குத்தி, கால் அங்குலம் செலுத்தி, வயிற்றுப் பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். மடிப்பு மூக்குக்குள் உட்காரும்வரை இழுத்து, முள்ளைத் திருப்ப வேண்டும். பிறகு இரையை முள்ளின் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவு எங்கே விழுகிறதோ அங்கே நகத்தால் ஓர் அடையாளம். அந்த இடத்தில் குத்தி முதுகுவழியாக வரவைத்து, முனையை மட்டும் மேல்தோலுக்குள் லேசாகச் செருகிவிட வேண்டும். இரை நேராக இருக்கணும். கொஞ்சம் கூனினாலும் பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். ஆச்சா? இப்போது வெளியே முனை தெரியாது. மீன் கவ்வி, நாம் கோலை ஓங்கி இழுக்கும்போது பிளாஸ்டிக் நசுங்கி முனை வெளிப்படும்.

முள்ளை யாரிடமிருந்து மறைக்கிறோம்? மீனிடமிருந்து என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் மரத்திடமிருந்து. நீருக்கடியில் நிற்கும் மரங்களில் முள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. சரி, தண்ணீருக்குள் மரம் எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் பிளாஸ்டிக்கைப் பார்த்துவிடலாம். ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன், டயர் ஆலைகளின் நகரம். அங்கே பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ சீமன், 1926இல், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது பிவிசியை இளக்கிக் குழைவாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதே ஊரில் எந்திரத் தொழிலாளியாக இருந்த நிக் கிரீம், 1949 வாக்கில், மனைவி காஸ்மாவோடு சேர்ந்து, அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, மண்புழுவின் வடிவில் வார்த்தெடுத்தார். ஆராய்ச்சிக்கூடமும் சமையலறையும் ஒரே ஊரில்தான். ஒன்றுக்குக் காப்புரிமையின் மொழி, மற்றதற்குக் கைப்பக்குவத்தின் மொழி.

கிரீமின் புழு முதலில் முள்கள் வெளியே தெரியும்படியாகவே விற்பனைக்கு வந்தது. திறந்த நீரில் அது சரிதான். கிழக்கு டெக்சாஸின் டைலர் பக்கத்து ஏரிகளிலோ கட்டையும் புதருமாகக் கிடந்தது. எறிந்தால் எறிந்த இடத்திலேயே சிக்கும். அங்கிருந்த மீன்பிடிக்காரர்கள் முனையைப் புழுவின் உடம்புக்குள் புதைத்தார்கள். இன்றும் உலகமெங்கும் இதற்கு டெக்சாஸ் ரிக் என்றே பெயர். முதலில் செய்தது யார்? பல பெயர்கள் சொல்கிறார்கள், எதுவும் நிலைக்கவில்லை. ஆசிரியனின் மரணம் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோமே, இங்கே ஆசிரியன் பிறக்கவே இல்லை. கிரீமின் தொழிற்சாலையும் பின்னர் டைலருக்கே போய்ச் சேர்ந்தது.

அந்த முறையை ஊரறியச் செய்தவை அணைகள். 1960களில் சாம் ரேபர்ன், டொலிடோ பெண்ட் என்ற இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் கிழக்கு டெக்சாஸில் நிரம்பின. டொலிடோ பெண்ட் மட்டும் ஏறக்குறைய 1,85,000 ஏக்கர். பெரும் பகுதியில் காட்டை வெட்டாமலே தண்ணீரை விட்டார்கள். மூழ்கிய காட்டில் பாஸ் பெருகியது. கோர்க்கும் முறையும் அதோடு பரவியது.

மூழ்கியது காடு மட்டுமல்ல. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் அணையான நோரிஸ் 1936இல் முடிந்தபோது 2,800க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டிருந்தன. 5,000க்கும் அதிகமான கல்லறைகள் இடம் மாற்றப்பட்டன. செத்தவர்களுக்குக் கணக்கு இருந்தது; குத்தகைக்கு உழுதவர்களுக்கு நிலத்துக்கான பணம் கிடையாது, நிலம் அவர்கள் பெயரில் இல்லையே. அணைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய நோரிஸ் நகரில் கறுப்பர்கள் குடியேற அனுமதியில்லை. வளர்ச்சி என்ற சொல்லாடலின் அச்சு அசலான மாதிரி நகரம்!

ஆர்கன்சாஸில் பீவர் ஏரி இன்னும் விசித்திரம். அதற்கடியில் கிடப்பது மாண்டி நே. ‘காயின்’ ஹார்வி என்று அழைக்கப்பட்ட வில்லியம் ஹோப் ஹார்வி, வெள்ளி நாணயத்துக்காகவும் வங்கிகளுக்கு எதிராகவும் எழுதியவர், 1932இல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவர், உருவாக்கிய ஊர் அது. இந்த நாகரிகம் அழியப்போகிறது, அழிந்த காரணத்தைப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு பிரமிடு வேண்டும் என்று அங்கே கட்டத் தொடங்கினார். பிரமிடு எழவில்லை, அதற்கு முன்னோடியாகக் கட்டிய கான்கிரீட் அரங்கு மட்டும் எழுந்தது. 1960களில் ஏரி அதை விழுங்கியது.

அதே ஏரியில்தான், 1967 ஜூனில், ரே ஸ்காட் என்ற இன்சூரன்ஸ் விற்பனையாளர் ஆளுக்கு 100 டாலர் வாங்கிக்கொண்டு 106 பேரை வைத்துப் பாஸ் பிடிக்கும் போட்டி நடத்தினார். நவீன பாஸ் போட்டித் தொழிலின் தொடக்கம் இதுவே. ஸ்காட்டை வெறும் வியாபாரி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1970இல் அவருடைய சங்கம் ஆறுகளை நாசம் செய்த 200க்கும் மேற்பட்ட ஆலைகள்மீது, 1899ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றைத் தூசிதட்டி எடுத்து, வழக்குத் தொடுத்தது. பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் பழக்கத்தைப் போட்டிகளில் புகுத்தியதும் அவர்தான். ஆனால் நீரின் தூய்மைக்காகப் பேசிய அந்தக் குரல், நீருக்கடியில் போன ஊர்களைப் பற்றிப் பேசியதாக நான் எங்கும் படிக்கவில்லை. இயற்கையை நேசிப்பதற்கும் அதிலிருந்து மனிதர்களைக் கழித்துவிடுவதற்கும் இடையே பெரிய தூரமில்லை போலும்.

1980களின் கடைசியில் கனெக்டிகட்டைச் சேர்ந்த ஹெர்ப் ரீட், ஸ்லக்-கோ என்ற இரையை உருவாக்கினார். வாலோ துடுப்போ ஆடாத மொட்டைத் துண்டு. நான் மேலே விவரித்த ஜெர்க்பெய்ட் வகையே அதிலிருந்து கிளைத்தது. கனெக்டிகட்டுக்கும் டெக்சாஸின் மூழ்கிய காட்டுக்கும் சம்பந்தமில்லை. அங்கே நீர்க்கொடிகள்தான் தொல்லை. இருந்தாலும் முனையைத் தோலுக்குள் செருகும் அந்த டெக்சாஸ் பழக்கம் அப்படியே வந்துவிட்டது. காரணம் பின்தங்கிவிட, வடிவம் மட்டும் பயணம் செய்கிறது.

இப்போது அந்தக் காட்டோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மென்பிளாஸ்டிக் சீக்கிரம் கிழியும்; முள்ளிலிருந்து நழுவும்; அறுந்துபோனது அடியிலேயே தங்கும். மீன்கள் விழுங்குகின்றன. 2013இல் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் இவ்வகை இரைகளைத் தடை செய்யக் கோரி ஒரு மசோதா வந்தது. மீன்பிடிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். தடை வரவில்லை, விஷயத்தை ஆய்வு செய்யும்படி மீன்வளத் துறையிடம் விட்டார்கள்.

மாண்டி நேயில் தண்ணீர் வற்றும் காலங்களில் ஹார்வியின் அரங்கு தலைகாட்டும். கரையில் மிச்சமிருந்த விடுதிக் கோபுரம், ஆட்கள் ஏறிக் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள் என்ற காரணத்தோடு, 2023இல் இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் அணையைக் கட்டிய அதே ராணுவப் பொறியாளர் படையினர்.