இழந்து நலிந்த கிருமியும் பெற்று வலுத்த கிருமியும்

நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில், கடுகண்ணாவை மலையேற்றத்திற்காக ரம்புக்கனை நிலையத்தில் புகையிரதத்துடன் மேலதிக இயந்திரமொன்று இணைக்கப்படுவதுண்டு. ஏற்றம் முடிந்தபின் அது வீண்சுமை, கழற்றி விடுவார்கள். பக்டீரியாக்களின் மரபணுத் தொகுதியும் ஏறத்தாழ இவ்வாறே மாறி வந்துள்ளது. வித்தியாசம் ஒன்றுதான். இங்கு இணைப்பவரும் இல்லை, கழற்றுபவரும் இல்லை. தற்செயலாக வந்து சேர்வதில் பயன் தருவது நிலைக்கின்றது, பயனற்றது சிதைகின்றது.

இழப்பிற்குத் தொழுநோய்க் கிருமியே சிறந்த உதாரணம். தமிழ்நாட்டில் பெறப்பட்ட கிருமி ஒன்றின் மரபணுத் தொகுதியை, பிரான்ஸின் பாஸ்டர் நிறுவகத்தையும் பிரித்தானியாவின் சாங்கர் நிலையத்தையும் சேர்ந்த விஞ்ஞானிகள் 2001ஆம் ஆண்டு முழுமையாக வெளியிட்டனர். அதன் உறவினமான காசநோய்க் கிருமியில் ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் உள்ளன. தொழுநோய்க் கிருமியில் தொழிற்படுபவையோ சுமார் 1,600 மாத்திரமே. மேலும் 1,100இற்கும் அதிகமானவை, ஆள் குடியிராத லயன் அறைகளைப் போன்று, பாழடைந்த எச்சங்களாகக் கிடக்கின்றன. மனித உடற்கலத்தினுள் ஒதுங்கி வாழும் கிருமிக்குப் பல தேவைகள் அங்கேயே நிறைவேறுகின்றன. ஆகவே அவற்றிற்கான மரபணுக்கள் பழுதடைந்தாலும் அது பிழைத்துக் கொள்கின்றது. இதற்கு அது கொடுத்த விலை பெரியது. ஆய்வுகூடத் தட்டுகளில் அதனை இன்றும் வளர்க்க முடியவில்லை. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரு வாரங்கள் செல்கின்றன. கூட்டு மருந்துகளால் அந்நோய் முற்றாகக் குணமடைகின்றது. ஆயினும் ஒல்லாந்தர் காலத்தில் ஹெந்தளையில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த மனப்பான்மை நம்மிடையே இன்னும் மறையவில்லை என்பது வெட்கத்திற்குரியது.

உண்மையில் அஞ்ச வேண்டியது மரபணுக்களைப் பெற்றுக்கொள்ளும் கிருமிகளுக்கே. ‘பிளாஸ்மிட்’ எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் ஒரு பக்டீரியாவிலிருந்து மற்றொன்றிற்கு, வேறு இனத்திற்கும்கூட, கடந்து செல்கின்றன. தலைமுறைகள் பல காத்திருக்க வேண்டியதில்லை. இறுதிக் கட்ட மருந்துகளான கார்பபெனெம்களையே சிதைக்கும் என்.டி.எம்.-1 மரபணு இவ்வாறு பரவியதே. இந்தியாவில் சிகிச்சை பெற்ற சுவீடன்வாசி ஒருவரிடம் 2008இல் அறியப்பட்ட இது, சென்னையிலும் ஹரியானாவிலும் நோயாளிகளிடம் காணப்பட்டதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. புதுடில்லியின் பெயரை அதற்குச் சூட்டியமை குறித்து அன்று எழுந்த ஆட்சேபம், மருந்துகளை மருத்துவரின் சிட்டையின்றி விற்பதைப் பற்றி எழவில்லை. மறு ஆண்டு வெளியான ஆய்வில், அந்நகரில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளுள் 51இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளுள் 2இலும் அதே மரபணு காணப்பட்டது. அது பரவுவதற்கு நோயாளியொருவர் தேவையில்லை, வடிகாலொன்றே போதுமானது.