கருநாடித்திறனும் கரைப்பானும்

கருநாடி என்பது தன் இலத்திரன் சோடியை வழங்கி, இலத்திரன் குறைந்த அணுவொன்றுடன், பெரும்பாலும் காபனுடன், பிணைப்பை ஏற்படுத்தும் அயன் அல்லது மூலக்கூறு. இப்பெயரை 1933இல் லண்டனில் பணியாற்றிய இங்கோல்ட் முன்வைத்தார். கருநாடித்திறன் தாக்கவீதத்தால் அளக்கப்படுவது. மூலத்திறனோ சமநிலையால் அளக்கப்படுவது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது தவறு.

கரைப்பானைக் குறிப்பிடாமல் சொல்லப்படும் கருநாடி வரிசைக்குப் பொருளில்லை. நீரில் மெதைல் புரோமைட்டை வைத்து சுவேனும் ஸ்கொட்டும் 1953இல் வெளியிட்ட மடக்கை அளவையில் குளோரைட்டு 3.04, புரோமைட்டு 3.89, அயடைட்டு 5.04 பெறுகின்றன. அதாவது அயடைட்டு குளோரைட்டைவிட ஏறத்தாழ 100 மடங்கு விரைவானது. சிறிய குளோரைட்டு அயனில் ஏற்றம் செறிந்திருப்பதால் நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் அதை இறுக்கமாகச் சூழ்கின்றன. காபனைத் தாக்குமுன் அந்த உறையின் ஒரு பகுதியைக் களையவேண்டும். அதற்குச் சக்தி தேவை. பெரிய அயடைட்டுக்கு அந்தச் சுமை குறைவு. அதன் இலத்திரன் முகில் எளிதில் உருமாறுவதும் அதற்குச் சாதகம்.

டைமெதைல்போமமைட்டு போன்ற, ஐதரசன் பிணைப்பை வழங்காத முனைவுக் கரைப்பான்களில் வரிசை தலைகீழாகிறது: குளோரைட்டு முதலிடம், அயடைட்டு கடைசி. மெதைல் அயடைட்டுடன் குளோரைட்டின் தாக்கம், மெதனோலில் நடப்பதைவிட டைமெதைல்போமமைட்டில் ஏறத்தாழ 12 இலட்சம் மடங்கு விரைவு. முனைவுத்தன்மை மட்டும் காரணமென்றால் அதனிலும் முனைவு கூடிய போமமைட்டு முந்தவேண்டும். ஆனால் அதில் வேகம் 12 மடங்களவே கூடுகிறது; அதன் நைதரசனில் இணைந்த ஐதரசன்கள் அனயனைப் பிடித்துவைக்கின்றன.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்மொழியில் உயர்தர இரசாயனம் படிக்கும் மாணவர், கரைப்பான் விளைவு என்ற பெயரை அறியுமுன்பே அதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்: நீர்ப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்றால் பிரதியீடு, அற்ககோல் சேர்ந்ததென்றால் நீக்கல். எதனோலில் ஐதரொட்சைட்டின் ஒரு பகுதி எதொட்சைட்டாக மாறுகிறது. முனைவு குறைந்த ஊடகத்தில், ஏற்றம் பரந்த நீக்கல் நிலைமாறு நிலைக்கும் சற்றுச் சாதகம் கிடைக்கிறது. பரீட்சைக்கு இவ்விதி போதும். ஆய்வுகூடத்தில் அது தளர்வானது. எதனோலில் எதொட்சைட்டுடன் புரோமோஈதேனைத் தாக்கமுறவிட்டால் பெரும்பங்கு ஈதரே கிடைக்கும். நீக்கல் மேலோங்குவது வழி, புடை ஏலைட்டுகளில்தான்.

புடை பியூற்றைல் குளோரைட்டு நீரில் அயனாகப் பிரிந்தபின்பே கருநாடியைச் சந்திக்கிறது. அங்கே கருநாடியின் வலிமை வேகத்தை மாற்றாது. கரைப்பானோ எதனோலிலிருந்து நீருக்கு மாறும்போது அவ்வேகத்தை 3 இலட்சம் மடங்குக்கு மேல் கூட்டுகிறது.