வினாத்தாளுக்கு முன்னே ஒரு கட்டம்

முப்பது ஆண்டுகள் உளவியல் பாடம் நடத்தியவள் நான். ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில் அமெரிக்க உளவியலாளர் கிளாட் ஸ்டீலைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததில்லை.

1946இல் பிறந்த அவர், சிகாகோவை ஒட்டிய ஊரில் வளர்ந்தவர். கோடை விடுமுறை தொடங்கவிருந்த ஒரு நாள், ஏழெட்டு வயதில், அவருக்கு ஒரு செய்தி தெரியவந்தது. கறுப்பினப் பிள்ளைகள் அந்த வட்டாரத்து நீச்சல் குளத்தில் புதன்கிழமை பிற்பகல் மட்டுமே இறங்கலாம். தன் நிறம் என்ன என்பதை அந்தக் குளம்தான் அவருக்கு முதலில் உணர்த்தியது.

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கறுப்பின மாணவர்கள் படிப்பைத் தொடர முடியாமல் போவதை ஆராய்ந்த குழுவில் இருந்தபோது ஒரு புள்ளிவிவரம் அவரை உறுத்தியது. சாட் நுழைவுத்தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கி வந்தவர்களுக்குள்ளேயே கறுப்பின மாணவர்கள் பின்தங்கினார்கள். ‘அடிப்படை போதாது’ என்ற பழைய பதில் இங்கே செல்லவில்லை.

1991இல் ஸ்டான்ஃபோர்டு சென்றார். அங்கே சக ஆய்வாளர் ஜோஷுவா ஆரன்சனுடன் சேர்ந்து நடத்திய சோதனைகள் 1995இல் வெளிவந்தன. முப்பது நிமிடம், கடினமான மொழித்திறன் கேள்விகள். ஒரு பிரிவிடம் “இது உங்கள் திறமையை அளக்கும் தேர்வு” என்றார்கள். இன்னொரு பிரிவிடம் அப்படிச் சொல்லவில்லை. முதல் பிரிவில் கறுப்பின மாணவர்கள் சறுக்கினார்கள். இரண்டாவதில், சாட் மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டு பார்த்தால், வெள்ளையருக்குச் சமமாகவே எழுதியிருந்தார்கள். இன்னொரு சோதனையில், தேர்வுக்கு முன் இனத்தைக் குறிக்கச் சொன்ன ஒரே ஒரு கேள்வியே அவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தது. ‘நம் இனத்தைப் பற்றிய இழிவான எண்ணத்தை நாமே மெய்ப்பித்துவிடுவோமோ’ என்ற அச்சம் உள்ளே ஓடும்போது, விடைக்கு வேண்டிய கவனம் சிதறிவிடுகிறது என்பது ஸ்டீலின் விளக்கம்.

பின்னாளில் பலரைக் கொண்டு மறுபடி நடத்திய சில ஆய்வுகளில் அதே அளவு விளைவு கிடைக்கவில்லை. இதையும் என் மாணவர்களிடம் மறைத்ததில்லை. ஆனால் ‘இந்த மாணவனிடம் என்ன குறை?’ என்று மட்டும் கேட்டு வந்த கல்வி உலகை, ‘இந்த அறையில் என்ன குறை?’ என்றும் கேட்க வைத்தவர் ஸ்டீல். 2009இல் கொலம்பியாவிலும் 2014இல் பெர்க்லியிலும் பல்கலைக்கழகத்தின் கல்விப் பொறுப்பையே ஏற்கும் உயர்பதவி அவரைத் தேடிவந்தது.

“உங்கள் தரம் இந்தத் தாளில் தெரிந்துவிடும்” என்று தேர்வு நாளில் நானும் சொல்லி வந்தவள்தான். அவருடைய கட்டுரையைப் படித்தபின் நிறுத்திவிட்டேன். ஆசிரியர்களே, நீங்களும் நிறுத்துங்கள். வினாத்தாளைக் கொடுங்கள், அச்சத்தையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.