ஈழத்து நாவலிற் காதல்: மோகனாங்கி முதல் நிலக்கிளி வரை

அகத்திணை கண்ட தமிழருக்குக் காதல் புதிய பொருளன்று. எனினும், தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டாமையே அகப்பாட்டின் மரபு. நாவலோ பெயரும் ஊரும் தொழிலும் உடைய இருவரையே வேண்டி நிற்பது. இம்மாற்றத்தை ஈழத்து ஆசிரியர் எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பது ஆராய்தற்குரியது.

திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் வெளியிட்ட 'மோகனாங்கி' மதுரைச் சொக்கநாத நாயக்கனுக்கும் தஞ்சை இளவரசிக்கும் இடையே எழுந்த காதலைக் கூறுவது. ஆங்கே இடையூறுகள் அரசியலினின்றும் வருவன. காதலர் நெஞ்சம் ஐயுறுவதில்லை. மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914 இல் வந்தது. கணவனாற் கண்மணி எய்தும் துயரே அதன் பொருள். மணத்தோடு கதையை முடிக்கும் வழக்கத்தை விடுத்து, மணத்தின் பின் நிகழ்வதை ஒரு பெண் எழுதினார் என்பது சிறிய செய்தியன்று.

நம் வன்னிக்கு இவ்வகையில் வாய்த்த நூல், அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973). களம் முல்லைத்தீவைச் சார்ந்த தண்ணிமுறிப்பு. தந்தையின் சினத்துக்கு ஆளாகி வீட்டை நீங்கிய கதிராமன், பதஞ்சலியைக் கைப்பிடித்துக் காடு வெட்டிப் புலம் ஆக்குகின்றான். அவர்தம் அன்பு பேச்சில் வெளிப்படுவதிலும் உழைப்பில் வெளிப்படுவதே மிகுதி. பின்னர்ப் பள்ளியாசிரியனாகச் சுந்தரலிங்கம் அங்கு வருகின்றான். அவன் கொடியவனல்லன், நல்லவனாதலாலேயே அவன் வரவு ஆபத்தாகின்றது. (ஆசிரியத் தொழில் புரிவோர் இப்பகுதியைச் சற்றுக் கூச்சத்துடனேயே படிப்பர்.) புயலிரவொன்றில் நேரும் தடுமாற்றத்தின் பின்னரும் பதஞ்சலியை நாம் வெறுப்பதில்லை. உயரப் பறக்கவறியாத நிலக்கிளியின் பேதைமையை ஆசிரியர் முன்னரே நமக்குப் பழக்கிவிட்டார். இடையூறு வெளியே நில்லாது காதலரின் உள்ளத்திலும் புகுந்தமையே இந்நாவலின் வலிமை என்பது எம் துணிபு.

எம் மாணவர் எழுதும் கதைகளில், காதலர் பெரும்பாலும் திரைப்படத்திலிருந்தே இறங்கி வருகின்றனர். அவர்கள் எதை உண்டு வாழ்ந்தனர், எக்குளத்து நீரைப் பாய்ச்சினர் என்று வினவின் விடையில்லை. கதிராமனிடம் வினவின் உண்டு.

1984 இல் தண்ணிமுறிப்பு மக்கள் ஊரை விட்டு அகல நேர்ந்தது. அதன்பின் பிறந்த வன்னிப் பிள்ளைகள் பலர் அவ்வூரின் குளத்தையும் காட்டையும் முதன்முதலாகக் கண்டது இக்காதற்கதையின் ஏடுகளிலேயே.