ஏலமலைச் சரிவில் அச்சம் பயின்ற வரலாறு

குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனங் காக்கும் கானவர் பரண் மீதிருந்து கவண்கல் எறிவர், கொள்ளி காட்டுவர், பறை முழக்குவர். யானைக்கு மனிதனைப் பற்றிய அச்சத்தைக் கற்பித்த பழைய ஆசான்கள் அவர்களே எனலாம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சின்னக்கானல் என விரியும் ஏலமலைச் சரிவுகளில் அப்பாடம் இன்றும் தொடர்கிறது. கவணின் இடத்தை வெடியும், கொள்ளியின் இடத்தை ஜீப் விளக்கும் பிடித்துக்கொண்டன. கல் படுவதோ ஒரு யானையின் மேல்; ஓடுவதோ கூட்டம் முழுவதும். அடிபடாத கன்று அச்சத்தை யாரிடம் கற்றது?

தொல்காப்பிய மரபியல் மக்களை ஆறறிவுயிர் என வகுத்தபின், பிறவும் உள என்று ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. அவ்வாயிலில் உரைகாரர் கிளியையும் குரங்கையும் யானையையும் நிறுத்துவர். கடுந்தோட் கரவீரனாரின் குறுந்தொகைப் பாடலில் (69), கடுவனை இழந்த மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. இவை வெறும் புலவர் கற்பனை எனத் தள்ளிவிடுவோர் உண்டு. அது அவசர முடிவு.

அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வகத்தில் சூசன் மினேகாவும் அவர்தம் குழுவினரும் 1980களில் நடத்திய ஆய்வுகள் ஈண்டு நோக்கத்தக்கன. அங்கிருந்த முதிய குரங்குகள் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை. பாம்பைக் கண்டதும் நடுங்கின. ஆய்வகத்திலேயே பிறந்த இளங்குரங்குகளுக்குப் பாம்பு ஒரு பொருட்டாகவே இல்லை. பெரியவை நடுங்குவதைச் சில நிமிடங்கள் கண்டபின் இளையவையும் நடுங்கத் தொடங்கின. மூன்று திங்கள் கழிந்தும் அவ்வச்சம் நீங்கவில்லை. பூவைக் கண்டு குரங்கு அஞ்சுவதுபோல் ஒட்டித் தயாரித்த ஒளிப்படத்தைக் காட்டியபோதோ எந்தக் குரங்கும் பூவுக்கு அஞ்சவில்லை. இவற்றினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பாம்பின் முன் அமைதியாக நின்ற குரங்கை முதலில் பார்த்துப் பழகியவற்றுள் பெரும்பாலானவை, பின்னர் அஞ்சும் குரங்கைக் கண்டும் அஞ்சவில்லை. அச்சம் மட்டுமன்று, அமைதியும் கண்டு கற்கப்படுவதே.

யானையிடம் இது இன்னும் ஆழமாகச் செல்கிறது. வடதாய்லாந்தின் யானைகளைக் கவனித்த பிளாட்னிக், டி வால் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்று கலங்கினால் அருகிலுள்ளது அதனிடம் சென்று தும்பிக்கையால் முகத்தைத் தடவுகிறது, வாயினுள் தும்பிக்கை வைக்கிறது. தானும் காது விரித்து வால் நிமிர்த்திக் கலங்குகிறது. மூத்தவற்றை இழந்தால் நேர்வதைத் தென்னாப்பிரிக்கா கண்டது. க்ரூகர் பூங்காவில் பெரிய யானைகள் சுட்டு வீழ்த்தப்பட, பெற்றோரற்ற கன்றுகள் பிலனெஸ்பெர்க் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவை வளர்ந்து 1992 முதல் 1997 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் முதிர்ந்த ஆறு களிறுகளைக் கொண்டுவந்து விட்டபின் அக்கொலைகள் நின்றன.

ஏலமலையின் வரலாற்றையும் இவ்வொளியில் படிக்க வேண்டும். ஆனையிறங்கல் என்னும் ஊர்ப்பெயரே யானை இறங்கிவந்த வழியைச் சொல்லும் சான்று, கல்வெட்டு வேண்டுவதில்லை. அவ்வழியில் 1960களில் பன்னியாறு நீர்மின் திட்டத்தின் அணை எழுந்தது. 2000களின் தொடக்கத்தில் அதனருகே பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் வழங்கப்பட்டு 301 காலனி உருவாயிற்று. யானையின் வழியில் குடியேற்றப்பட்ட அந்த ஏழைகளும், போடியிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் ஏறிச் சென்று ஏலக்காய் பறிக்கும் பெண்களும் கற்ற அச்சம் தனி வரலாறு. அதை எழுதுவார் இல்லை.

நியாயவிலைக் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடிபட்டது. அருகில் நின்ற சக்கக்கொம்பனை வெடி வெடித்து விலக்கிய பின்னரே மயக்க ஊசி செலுத்த முடிந்தது. பெரியாறு காட்டில் விடப்பட்ட அது ஒரு திங்களுக்குள் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் 5இல் மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மறு ஆண்டு சக்கக்கொம்பனோடு பொருத முறிவாலன் கொம்பன் காயமுற்று 2024 செப்டம்பர் 1இல் மடிந்தது. இவற்றை ஒரே முடிச்சில் கட்டுவது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. எனினும் ஒரே மலையிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு பெருங்களிறுகள் நீங்கின என்பது கணக்கு.

யானையைக் கொண்டு யானையைப் பிடிக்கும் முறையை வள்ளுவர் 678ஆம் குறளில் உவமையாக்கினார். சின்னக்கானலிலும் நான்கு கும்கிகளே கொட்டும் மழையில் அரிக்கொம்பனை லாரியில் ஏற்றின. அவற்றுள் விக்ரம் என்பது 2019 வரை வயநாட்டில் வடக்கநாடு கொம்பன் என்று பெயர்பெற்று வயல்களை அழித்து, மயக்க ஊசியால் பிடிக்கப்பட்ட காட்டு யானை.