சட்டம் படித்துக்கொண்டே வருவாய் ஈட்ட முடியுமா? சாமராஜநகர், மைசூரு மாணவர்கள் அறிய வேண்டிய விதிகளும் வாய்ப்புகளும்

சாமராஜநகர்: மைசூரு மாவட்டத்திலிருந்து 1997ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட சாமராஜநகர், தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒட்டிய எல்லை மாவட்டமாகும். குண்டலுபேட்டை, எலந்தூர், கொள்ளேகால், ஹனூர் ஆகிய வட்டங்களைச் சேர்ந்தோர் சட்டம் பயில நாடும் அருகிலுள்ள பெரிய கல்வி மையம் மைசூரு. ஜே.எஸ்.எஸ். சட்டக் கல்லூரி, வித்யாவர்தக சட்டக் கல்லூரி, சாரதா விலாஸ் சட்டக் கல்லூரி உள்ளிட்டவை அங்கு இயங்கி வருகின்றன. சாமராஜநகரிலிருந்து மைசூரு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

வேளாண்மையையும் கூலி வேலையையும் நம்பியுள்ள குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தைக் காட்டிலும் விடுதி, உணவு, நூல்கள் ஆகியவற்றின் செலவே பெரும் சுமையாகிறது. எனவே படிக்கும்போதே பகுதி நேரப் பணி செய்ய விரும்புவோர் பலர். ஆனால் பிற பட்டப் படிப்புகளில் இல்லாத கட்டுப்பாடுகள் சட்டப் படிப்பில் உண்டு. அவற்றை அறியாமல் பணியில் சேர்ந்தால், படிப்பை முடித்த பின்னரும் பட்டச் சான்றிதழ் கைக்கு வராமல் போகக்கூடும்.

விதிகள் கூறுவது என்ன?

சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில், 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளில் வருகைப் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. ஒவ்வொரு பாடத்திலும் நடத்தப்பட்ட வகுப்புகளில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் வந்திருந்தால் மட்டுமே பருவத் தேர்வு எழுத இயலும். மாதிரி நீதிமன்றப் பயிற்சியும் செய்முறைப் பயிற்சியும் இக்கணக்கில் சேரும். தவிர்க்க இயலாத காரணம் இருப்பின், ஒரு பாடத்தில் 65 சதவீதமும் அனைத்துப் பாடங்களிலும் சேர்த்து 70 சதவீதமும் உள்ள மாணவரைக் கல்லூரி முதல்வர் தேர்வுக்கு அனுமதிக்கலாம்.

வருகைக் குறைவைக் காரணம் காட்டி மாணவர்களைத் தேர்வெழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. விதிகளை மறு ஆய்வு செய்யுமாறு பார் கவுன்சிலையும் கேட்டுக்கொண்டது. எனினும் தத்தம் கல்லூரியில் இப்போது எந்த விதி பின்பற்றப்படுகிறது என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டறியாமல், இத்தீர்ப்பை மட்டும் நம்பி வகுப்பைத் தவிர்ப்பது துணிச்சலான செயலாகவே இருக்கும்.

வேலை பார்ப்பது தொடர்பான கட்டுப்பாடு இதனினும் கடுமையானது. பார் கவுன்சில் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் பெறுவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் உறுதிமொழி அளிக்க வேண்டும். தம் மீதுள்ள குற்ற வழக்குகள், ஒரே நேரத்தில் பயின்ற வேறு பட்டப் படிப்பு, படிப்புக் காலத்தில் பார்த்த வேலை ஆகிய மூன்றையும் அதில் தெரிவிக்க வேண்டும். வேலையில் இருந்தவர், பணி வழங்கியவரிடமிருந்து தடையின்மைச் சான்று பெற்றிருத்தல் அவசியம். கல்லூரிகளில் விரல்ரேகை வருகைப் பதிவும் கண்காணிப்புக் கேமராவும் வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையின் அறிவுறுத்தலாகும்.

ஆக, சட்ட மாணவர் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று விதி கூறவில்லை. வேலையை மறைக்கக் கூடாது, வகுப்பைக் கைவிடக் கூடாது என்பதே அதன் சாரம். பல மாணவர்கள் இதனைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பார்க்கும் வேலையைக் கல்லூரிக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கின்றனர். பின்னாளில் சிக்கலாவது வேலையன்று, அதனை மறைத்ததே.

பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு ஒரே நேரத்தில் இரு பட்டங்கள் பயில அனுமதித்தது. சட்டப் படிப்பில் இரண்டு முறைசார் பட்டப் படிப்புகளைச் சேர்த்துப் பயில பார் கவுன்சிலின் விதிகள் அனுமதிப்பதில்லை. மொழி, கணினி தொடர்பான குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகளுக்கும் தொலைநிலைக் கல்விக்கும் அவ்விதிகளிலேயே விலக்கு உண்டு. கன்னடத் தட்டச்சு, கணினிப் பயன்பாடு போன்ற வருவாய்க்கு உதவும் பயிற்சிகளை மாணவர் தயக்கமின்றி மேற்கொள்ளலாம்.

நேரம் எவ்வளவு மிஞ்சும்?

சட்ட வகுப்புகள் வாரத்திற்கு 30 மணி நேரத்திற்குக் குறையாமல் நடைபெற வேண்டும். விடுதிவழிக் கல்லூரி அல்லாதவற்றில் காலை 8 மணி முதல் இரவு 7 மணிக்குள் அவை நடத்தப்படலாம். ஆறு நாள் வாரத்தில் இது நாளொன்றுக்கு 5 மணி நேரம். மைசூருவிலேயே தங்கிப் பயிலும் மாணவருக்கு நாளில் மூன்று மணி நேரம் பணிக்கு ஒதுக்குவது கடினமன்று. நாள்தோறும் 120 கிலோமீட்டர் பயணம் செய்யும் சாமராஜநகர் மாணவருக்கு நிலைமை வேறு. அவருக்குச் சொந்த ஊரில், வார இறுதியில் அல்லது வீட்டிலிருந்தே செய்யத்தக்க பணியே பொருந்தும்.

மாணவியருக்கு இதில் ஒரு வசதி கூடியுள்ளது. 2023ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி தொடங்கப்பட்ட 'சக்தி' திட்டத்தின்கீழ் கர்நாடகப் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் மாநிலத்திற்குள் கட்டணமின்றிப் பயணிக்கலாம். மாதாந்தரப் பேருந்துச் செலவு மிச்சமாவதும் ஒருவகையில் வருவாயே.

ஊதியமில்லாப் பயிற்சி

பகுதி நேரப் பணியையும் கட்டாய உள்ளகப் பயிற்சியையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வது வழக்கம். ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் உள்ளகப் பயிற்சி கட்டாயம். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் அது நீடிக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை நான்கு வாரம் என்று திட்டமிட்டால் கணக்கு சரியாக முடிந்துவிடும். இறுதியாண்டுக்குத் தள்ளிவைப்பவர்கள்தான் சான்றிதழுக்காக அலைய நேரிடுகிறது. விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு நீதிமன்ற வழக்கறிஞரிடமும் ஒரு முறையேனும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நாட்குறிப்பும் பராமரிக்க வேண்டும்.

இப்பயிற்சிக்கு உதவித்தொகை வழங்க வேண்டும் என்று விதி எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. மாவட்ட நீதிமன்றங்களில் தனித்து இயங்கும் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. பயணச் செலவைத் தந்தாலே பெரிது. வசதி குறைந்த மாணவருக்கு 20 வார ஊதியமில்லாப் பயிற்சி என்பது சிறிய சுமையன்று. சட்டக் கல்வி விதிகளில் இன்னும் தீர்க்கப்படாத குறைகளில் இதுவும் ஒன்று.

வழக்கறிஞர் அலுவலகத்தில் என்ன செய்யலாம்?

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு செய்த வழக்கறிஞர் மட்டுமே தொழில் புரிய உரிமை பெற்றவர். உரிமையின்றி நீதிமன்றத்தில் தொழில் நடத்துவோருக்கு 45ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க இயலும். ஆகவே மாணவர் வக்காலத்தில் கையெழுத்திடவோ, வாதிடவோ, தம் பெயரில் சட்டக் கருத்து வழங்கவோ கூடாது. மற்ற உதவிப் பணிகளுக்குத் தடையில்லை.

அவற்றுள் சிறு நகரங்களில் ஓரளவு நிலையான வருவாய் தருவது நில ஆவணச் சரிபார்ப்பாகும். வங்கிக் கடனுக்கும் நில விற்பனைக்கும் முன் உரிமை மூலத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டிய பொறுப்பு வழக்கறிஞருடையது. அதற்குக் கர்நாடகத்தின் 'பூமி' தளத்திலிருந்து பஹணி எனப்படும் நில உரிமைப் பதிவேட்டையும், 'காவேரி' தளத்திலிருந்து வில்லங்கச் சான்றையும் எடுத்து, பெயர் மாற்றப் பதிவுகளை ஆண்டு வரிசையில் அடுக்க வேண்டும். பொறுமையும் கூர்மையும் தேவைப்படும் இப்பணியைத் தயாரித்துத் தரும் மாணவருக்குக் கோப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி ஊதியம் பெற இடமுண்டு. அறிக்கையில் கையெழுத்து வழக்கறிஞருடையதாகவே இருக்கும். சொத்துரிமைச் சட்டத்தை வகுப்பில் படிப்பதைவிட ஐம்பது பஹணிகளைப் படிப்பது கூடுதலாகக் கற்றுத்தரும் என்றால் அது மிகையாகாது.

கன்னடத் தட்டச்சு மற்றொரு வழி. 'நுடி' மென்பொருளில் விரைவாகத் தட்டச்சு செய்பவருக்கு நீதிமன்ற வளாகங்களைச் சுற்றி வேலை கிடைக்கும். மின்னணுத் தாக்கல் பரவி வருவதால், ஆவணங்களை ஸ்கேன் செய்து பக்க எண்ணிட்டு ஒழுங்குபடுத்தித் தரும் உதவியாளருக்கும் தேவை உள்ளது. மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது குறிப்பிடத்தக்கது.

தமிழ் அறிந்தோருக்குள்ள சாதகம்

கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பு வரை கோயம்புத்தூர் மாவட்டத்துடன் இணைந்திருந்த பகுதி. கொள்ளேகால், ஹனூர் பகுதிகளில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. எல்லைக்கு இருபுறமும் உறவும் நிலமும் வணிகமும் உள்ளவர்களின் வழக்குகளில் தமிழ் ஆவணத்தைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பெயர்க்க வேண்டிய தேவை எழுகிறது. மூன்று மொழிகளும் சட்டச் சொற்களும் அறிந்த மாணவருக்குப் போட்டி குறைவு. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால், பயணத்தில் நேரம் இழப்போருக்கு இது மிகவும் ஏற்றது.

உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு 'சுவாஸ்' என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. தீர்ப்புகள் மாநில மொழிகளில் வெளியாகின்றன. மென்பொருள் தரும் வரைவை மனிதர் சரிபார்த்தே தீர வேண்டியுள்ளதால், இத்துறையில் ஆள் தேவை இன்னும் நீங்கவில்லை. இவை தவிர பள்ளி மாணவர்களுக்கு மாலை நேர வகுப்பு எடுப்பது, சட்டச் செய்தித் தளங்களுக்கு எழுதுவது போன்ற பணிகளும் உள்ளன.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இடம்

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆணைக்குழு இயங்குகிறது. தேசிய ஆணைக்குழு 2009ஆம் ஆண்டு தொடங்கிய துணைச் சட்டத் தன்னார்வலர் திட்டத்தில், வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை சட்ட மாணவர்களும் சேரலாம். பயிற்சிக்குப் பின் அடையாள அட்டை வழங்கப்படும். பணியில் அமர்த்தப்படும் நாட்களுக்கு மட்டும் மதிப்பூதியம் உண்டு. மாதச் சம்பளம் அன்று என்பதால் இதனை நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. உதவி நாடி வருவோரிடம் பணம் பெறுவது அறவே கூடாது.

எனினும் சாமராஜநகர் போன்ற மாவட்டத்தில் இப்பணிக்குத் தனி மதிப்பு உண்டு. பிலிகிரி ரங்கசாமி மலைப் பகுதியில் வாழும் சோலிகர் பழங்குடியினருக்கு வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2011ஆம் ஆண்டு சமூக வன உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டன. பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். அவர்களுக்கு மனு எழுதித் தருவதும், உரிய அலுவலகத்திற்கு வழிகாட்டுவதும் மாணவர் தன்னார்வலரின் அன்றாடப் பணியாகும்.

தில்லி வாய்ப்புகளும் எச்சரிக்கையும்

தேசிய மனித உரிமைகள் ஆணையம் கோடை, குளிர்கால உள்ளகப் பயிற்சிகளை உதவித்தொகையுடன் நடத்துகிறது. தில்லியில் ஒரு மாதம் தங்கும் செலவைக் கணக்கிட்டால் அத்தொகையில் மிச்சம் சொற்பமே. ஆணையம் நடத்தும் இணையவழிக் குறுகிய காலப் பயிற்சி, தொலைதூர மாணவருக்கு உகந்தது. 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் மாதம் 5,000 ரூபாய் வழங்கினாலும், முழுநேரக் கல்வியில் இருப்போர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது. இதை அறியாமல் பதிவு செய்து ஏமாறுவோர் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் ஆய்வு உதவியாளர் பணிக்கு இறுதியாண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். மாதம் 80,000 ரூபாய் என்று அண்மை அறிவிக்கைகள் தெரிவித்தன. பட்டம் முடித்த பின்னரே பணியில் சேர முடியும்.

பயிற்சி அளிப்பதாகக் கூறி மாணவரிடமே கட்டணம் வசூலிக்கும் விளம்பரங்கள் இணையத்தில் பெருகியுள்ளன. வேலை தருபவர் பணம் கேட்டால் அது வேலையன்று. காலம், நேரம், தொகை ஆகியவை குறிப்பிடப்பட்ட கடிதம் கையில் இருந்தால், கல்லூரியில் உறுதிமொழி அளிக்கும் வேளையிலும் அது பயன்படும்.

வேலைக்கு முன் உதவித்தொகை

வேலை தேடும் முன் உரிய கல்வி உதவித்தொகையைப் பெற்றுவிட்டோமா என்று பார்ப்பது நல்லது. கர்நாடக அரசு 2021ஆம் ஆண்டு தொடங்கிய விவசாயிகள் குழந்தைகளுக்கான 'ரைத்த வித்யாநிதி' திட்டத்தில் சட்ட மாணவருக்கு ஆண்டுக்கு 7,500 ரூபாயும் மாணவிக்கு 8,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டது. விடுதியில் இடம் கிடைக்காத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான 'வித்யாசிரி' திட்டம் மாதம் 1,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவுகிறது.

படிப்பு முடிந்ததும் வரும் செலவும் குறைந்துள்ளது. 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, வழக்கறிஞர் பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மிகக் கூடாது. முன்னர் பல மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்து வந்தன. அதே ஆண்டு அக்டோபரில், இளம் வழக்கறிஞருக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் வழங்குமாறு இந்திய பார் கவுன்சில் பரிந்துரைத்தது. இது பரிந்துரையே அன்றிக் கட்டாயமன்று. மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெறும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புச் சட்டப் பட்டதாரிகளுக்குக் கர்நாடக அரசின் நலத் துறைகள் தனியே மாத உதவித்தொகை வழங்குகின்றன. அதற்கான விண்ணப்ப விவரங்களை மாவட்ட நலத் துறை அலுவலகங்களில் கேட்டறியலாம்.